தொலைமருத்துவமும் உழைச்செல்வானும்

திருக்குறளிலே 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு கூறுகளை உடையது என வகுத்துரைக்கிறார் வள்ளுவர். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, இம்மூன்றோடு நான்காவதாக, நோயாளியின் அருகிருந்து மருந்தை ஊட்டிப் பேணும் 'உழைச்செல்வான்' ஒருவன். முதல் மூன்றையும் எவரும் எளிதிற் சொல்லிவிடுவர். நான்காமவனை மறவாது எண்ணிச் சேர்த்ததிலேதான் வள்ளுவரின் நுண்ணறிவு புலப்படுகிறது. அவனை மறந்த மருத்துவ ஏற்பாடு எத்துணைப் பொருட்செலவில் அமைந்தாலும் நிலைபெறுவது அரிது. இக்காலத்திலே தொலைமருத்துவம் என்று பேசப்படும் புதிய முறைக்கும் இவ்வுண்மை முற்றாகப் பொருந்தும்.

ஓர் ஊரிலுள்ள நோயாளியை வேறோர் ஊரிலுள்ள மருத்துவர் தொலைபேசி வாயிலாகவும் காணொளி வாயிலாகவும் விசாரித்து, இதயத் துடிப்பின் வரைபடம், கண்ணின் படம் முதலியவற்றை இருந்த இடத்திலிருந்தே பார்த்துச் சிகிச்சை கூறுவதே தொலைமருத்துவம். சிறப்பு வைத்தியர்கள் சிலராகவும், அச்சிலரும் பெருநகரங்களிலேயே தங்குபவராகவும் உள்ள வளர்முக நாடுகளுக்கு இஃது ஒரு வரப்பிரசாதம் என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், இதற்கெனத் தேடும் பணத்தை எதிலே முதலிடுவது? கருவியிலா, மனிதரிலா? இதுவே நாம் ஆராயவேண்டிய வினா.

ஏட்டளவில் நில்லாது, ஓர் ஊரை முன்வைத்தே இவ்வினாவை ஆராய்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே அமைந்தது மயிலிட்டி. மீன்பிடித் துறைமுகத்தாற் பெயர்பெற்ற அவ்வூரிலே காசநோயாளருக்கென ஒரு வைத்தியசாலையும் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே போரின் காரணமாக மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலத்தின் ஒரு பகுதியும் 2017 ஜூலை 3ஆம் நாளன்றுதான் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. இடையே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள்.

அந்த இருபத்தேழு ஆண்டுகளை ஒரு மருத்துவரின் கண்கொண்டு பார்த்தல் வேண்டும். நாற்பது வயதிலே ஊரைவிட்டு ஓடியவர் அறுபத்தேழு வயதிலே திரும்புகிறார். அவருடைய மக்களிற் பலர் இடம்பெயர்ந்த ஊர்களிலேயே வேரூன்றிவிட்டனர். சிலர் கடல் கடந்து போயினர். இத்தகைய முதியோரை வாட்டுவன, ஒரு முறை மருந்துண்டு தீர்த்துவிடக்கூடிய நோய்கள் அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம், கண்புரை, மூட்டுவலி ஆகியன ஆயுள் முழுவதும் உடன் வருவன; மாதந்தோறும் பார்க்கப்படவேண்டியன. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆனால், தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சென்று, 'கிளினிக்' நாளிலே வரிசையிற் காத்து நின்று, மாலையில் வீடு திரும்புவதற்கு ஒரு முழுநாள் செலவாகின்றது. இரவிலே கடலுக்குச் சென்று விடியலிற் கரையேறும் தொழிலாளிக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் உழைப்பு. மருந்துக்கு விலையில்லை, ஆனால் மருந்திருக்கும் இடத்தை அடைவதற்கு விலை உண்டு. இவ்விலையைக் குறைப்பதே தொலைமருத்துவத்தின் உண்மையான பயன்.

மயிலிட்டியின் காசநோய் வைத்தியசாலையை மேலே குறிப்பிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. காசநோயை வெல்லும் மருந்துகள் தோன்றுமுன்னர், நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியனவே அந்நோய்க்குச் சிகிச்சை. நோயாளி வீட்டைத் துறந்து, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், சனற்றோரியத்திலே தங்கியிருத்தல் வேண்டும். மருந்துகள் வந்த பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை. 'வீட்டில் வைத்துக் குணப்படுத்த இயலாது' என்பதே அக்காலத்து உறுதியான கொள்கை.

அக்கொள்கையைத் தகர்த்த பெருமை சென்னைக்கு உரியது. 1956ஆம் ஆண்டிலே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியன ஒன்றுசேர்ந்து சென்னையிலே காசநோய் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவின. நகரின் ஏழை நோயாளர் 193 பேரில் ஒரு பகுதியினருக்குச் சனற்றோரியத்திலும், ஏனையோருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துச் சோதித்தனர். சனற்றோரியத்தில் இருந்தோருக்கு நல்லுணவும் ஓய்வும் தாதியரின் கவனிப்பும் கிடைத்தன. வீட்டில் இருந்தோருக்கோ நெருக்கமான குடியிருப்பும் போதாத உணவுமே வாய்த்தன. எனினும், 1959இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் மிகவில்லை.

இம்முடிவை மட்டும் நினைவிற் கொண்டு, அது கிடைத்த விதத்தை மறந்துவிடுவோர் பலர். மருந்தைக் கையிற் கொடுத்து, 'போய் வாரும்' என்று அனுப்பிவிட்டு அந்நிலையத்தார் வாளாவிருந்தார்களல்லர். சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். மருந்து உண்மையாகவே உட்கொள்ளப்பட்டதா எனச் சிறுநீரைச் சோதித்தனர். வைத்தியசாலையை வீட்டுக்குக் கொண்டுவந்தது மாத்திரையன்று. அந்த மாத்திரையின் பின்னே நடந்து வந்த கால்களே. தொலைமருத்துவம் என்ற சொல் பரவலாக வழங்குமுன்னரே அதன் உயிர்நிலை இவ்வாறு தமிழகத்திலே நிறுவப்பட்டுவிட்டது. 2017இல் உலக சுகாதார நிறுவனம், காசநோயாளர் மருந்துண்பதைக் காணொளி மூலம் கண்காணிப்பதையும் ஏற்புடைய ஒரு முறையாகச் சேர்த்துக்கொண்டது. மாறியது கருவி. மருந்துண்ணாத நாளிலே 'ஏன் உண்ணவில்லை?' என்று பரிவோடு கேட்கும் ஒருவர் வேண்டும் என்பது மாறவில்லை.

இனி, நம் காலத்து முயற்சிகளைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஆந்திர மாநிலத்து அரகொண்டா என்னும் கிராமத்தில் அப்பல்லோ மருத்துவமனையார் அமைத்த தொலைமருத்துவ நிலையத்தை அமெரிக்க சனாதிபதி பில் கிளிந்தன் தொடக்கிவைத்தார். செய்மதியின் துணையோடு கிராமத்து நோயாளியை நகரத்து நிபுணர் காணலாம் என்பதை அது மெய்ப்பித்தது. ஆனால், ஓர் அற்புதத்தை ஒரு முறை நிகழ்த்திக் காட்டுவது வேறு. அதனை நாள்தோறும் ஆயிரம் பேருக்கு நிகழ்த்துவது வேறு.

இரண்டாவதைச் செய்து காட்டியவர்களுள் முன்னிற்பது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களால் 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கப்பட்ட அந்நிறுவனம், 2004 அளவிலிருந்து சிற்றூர்களிலே 'பார்வை மையங்கள்' என்னும் சிறு நிலையங்களை அமைத்து வருகிறது. இன்று அவற்றின் தொகை நூற்றைத் தாண்டிவிட்டது. மையத்திலே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பெண்கள் இருக்கின்றனர். பெரும்பாலும் கிராமப்புறங்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, இரண்டாண்டுகள் பயிற்றப்பட்டவர்கள். அவர்கள் கண்ணைச் சோதிக்கின்றனர். படம் எடுத்து அனுப்புகின்றனர். நகரத்து மருத்துவர் நோயாளியோடு காணொளியிற் பேசி முடிவு கூறுகிறார். கண்ணாடி வேண்டுவோருக்கு அங்கேயே அதற்கு ஏற்பாடு உண்டு. வருவோரிற் பெரும்பாலார் நகரத்துக்குப் போகவேண்டிய தேவையின்றியே குறை தீர்ந்து திரும்புகின்றனர். இம்முறையிலே கணினியின் பங்கு சிறிது. அப்பெண்களின் பங்கே பெரிது.

'இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. கனடாவிலிருக்கும் மகன் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறான். மருத்துவரும் அவ்வாறே பேசிவிட்டுப் போகட்டுமே. நடுவில் ஒருவர் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்திய அரசின் 'இ-சஞ்சீவனி' என்னும் சேவை இதற்கு விடை தருகிறது. அதிலே இரு வழிகள் உண்டு. 2019 நவம்பரிலே தொடங்கியது, கிராம சுகாதார நிலையத்துப் பணியாளர் உடனிருக்க மருத்துவரோடு பேசும் வழி. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்திலே சேர்ந்தது, நோயாளி வீட்டிலிருந்து நேரே பேசும் வழி. இவ்விரண்டில் மக்கள் மிகப் பெரும்பான்மையாகப் பயன்படுத்தியது பணியாளர் உடனிருக்கும் வழியையே. காரணம் வெளிப்படை. தொலைபேசி இரத்த அழுத்தத்தை அளக்காது; காலின் புண்ணைக் கழுவாது. முதியவள் கூச்சத்தால் மறைப்பதை, அவளை நாள்தோறும் காணும் ஊர்ப்பெண்ணே அறிவாள்.

இவ்வுண்மை நம் மண்ணுக்கும் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1873 வரை இங்கே பணியாற்றி, மருத்துவ நூல்களைத் தமிழிலாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். தமிழிற் கற்றவர் தமது ஊர்களிலேயே தங்கி மக்களுக்குத் தொண்டு செய்வர் என்பது அவர் எண்ணம். மருத்துவரைத் தேடி மக்கள் அலைவதைவிட, மக்களிடையே மருத்துவரை உருவாக்குவதே சிறந்தது என அன்றே அவர் கண்டார். அவ்வாறே, இலங்கையிலே 1930களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டிருந்த தாய்மார் இறப்பு இன்று ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருப்பதற்கு, வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதின் பங்கு பெரிது.

ஆகவே, மயிலிட்டி போன்ற ஊருக்கு வேண்டுவது யாது? வள்ளுவர் வகுத்த நான்கையும் வைத்து எண்ணிப் பார்ப்போம். நோயாளி ஊரிலே இருக்கிறார். மருத்துவர் தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலோ இருந்தவாறே கம்பியின் வழியாக வரலாம். மருந்து கம்பியின் வழியாக வராது. அஃது ஊரிலேயே கிடைத்தல் வேண்டும். இன்றேல், ஆலோசனை வெறும் துண்டுக் காகிதமாகவே முடியும். நான்காவதாக, இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு ஆகியவற்றை அளக்கவும், கண்ணைப் படம் எடுக்கவும், கட்டுப் போடவும், எதனைத் தொலைவிலிருந்து தீர்க்கலாம், எதனை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும் எனப் பிரித்தறியவும் பயின்ற ஊர்ப்பிள்ளை ஒருவர் வேண்டும். வயிற்றைத் தொட்டறியவேண்டிய நோயைத் திரையிற் பார்த்துத் தீர்மானித்தல் ஆபத்து. அவ்வேளையில் வண்டியை அழைப்பதே மருத்துவம். அவசர வண்டிச் சேவை 2018 ஜூலையிலே வடமாகாணத்துக்கும் வந்துவிட்டது. அதன் தொலைபேசி எண் 1990. மயிலிட்டியாருக்கு அவ்வெண் வேறொன்றையும் நினைவூட்டும். ஊரைவிட்டு ஓடிய ஆண்டின் எண்ணே இன்று உதவியை அழைக்கும் எண்ணாயிற்று.

பணத்துக்கு எங்கே போவது? அரசின் கடமை முதலாவது. அதற்குத் துணையாகப் புலம்பெயர்ந்தோரின் கொடை உண்டு. ஆனால், கொடையாளர் பலரும் கட்டடத்தையும் கருவியையுமே விரும்புகின்றனர். கட்டடத்திலே பெயர்க்கல் பதிக்கலாம்; ஒரு பணியாளரின் மாதச் சம்பளத்திலே பெயர்க்கல் பதிக்க இயலாதன்றோ! கருவியோ சில ஆண்டுகளிற் பழசாகும். உப்புக் காற்று அதனை இன்னும் விரைவாக அரிக்கும். பழுதுபார்ப்பதற்கு ஆளில்லையெனில் அது மூலையிலே கிடக்கும். 1930களிலே மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே உருவாக்கினர். பலர் சிறுகச் சிறுகச் சேர்த்து, தமக்கு வேண்டிய சேவையைத் தாமே தாங்கிய அவ்வழி இன்றும் நமக்குத் திறந்தே கிடக்கிறது. ஒரு கருவிக்கான பெருந்தொகையை ஒரே நாளில் அள்ளிக் கொடுப்பதிலும், ஒரு பணியாளரின் சம்பளத்தைப் பத்தாண்டுகள் தவறாது கொடுப்பதே கடினமான முதலீடு. பயன் தரும் முதலீடும் அதுவே.

தொலைமருத்துவத் திட்டம் எதுவாயினும், திறப்புவிழா முடிந்து ஓராண்டு கழித்து அதனை அளந்து பார்த்தல் நன்று. அன்று நாம் கேட்கவேண்டியது, எத்தனை திரைகள் பொருத்தப்பட்டன என்பதன்று. மருந்து ஊரிலே கிடைக்கிறதா? அதனை எடுத்துக் கொடுக்கும் உழைச்செல்வான் இன்னும் அங்கே இருக்கிறாரா? அவருக்குச் சென்ற மாதச் சம்பளம் கிடைத்ததா?