அறை வாடகைக்கு உண்டு: அட்ரியாற்றிக் தீவுகளில் பத்து நாட்கள்

மத்தியதரைக் கடலின் ஒரு கிளையாக, இத்தாலிக்கும் பால்கன் நாடுகளுக்கும் இடையே நீண்டு கிடப்பது அட்ரியாற்றிக் கடல். அதன் கிழக்குக் கரையிலுள்ள குரோவேசியா நாட்டுக்கு, சிறு திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து எண்ணினால் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன. மக்கள் நிரந்தரமாக வாழ்வது அவற்றில் ஏறக்குறைய 50 இல் மட்டுமே. 2024 ஆம் ஆண்டு வைகாசி மாதம், சுவிற்சர்லாந்தில் வசிக்கும் எனது அக்கா குடும்பத்தினருடன் அக்கரையில் பத்து நாட்கள் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆரவாரமான இடங்கள் வேண்டாம், அமைதியான தீவுகளாகப் பார்த்துப் போவோம் என்பது அக்காவின் விருப்பம்.

அந்நாடும் யுத்தத்தைக் கண்ட நாடுதான். 1991 இல் யூகோஸ்லாவியாவிலிருந்து குரோவேசியா பிரிந்தபோது மூண்ட யுத்தம் 1995 வரை நீடித்தது. நாம் முதலில் சென்றிறங்கிய டுப்ரோவ்னிக் நகரம் 1991 ஒக்டோபர் தொடக்கம் பல மாதங்கள் முற்றுகைக்குள் இருந்தது. 1991 டிசம்பர் 6 ஆம் திகதி, உலக மரபுரிமைச் சின்னமான அதன் பழைய நகரின் மீது எறிகணைகள் மழையாகப் பொழிந்தன. இன்று கோட்டை மதிலின் மேல் ஏறி நின்று பார்த்தால் கூரைகளே அக்கதையைச் சொல்லும். நிறம் மங்கிய பழைய ஓடுகள் சில. பளிச்சென்ற புதிய செந்நிற ஓடுகள் மிகப் பல. எந்தெந்த வீட்டின் மேல் எறிகணை விழுந்தது என்று காட்டும் வரைபடமொன்று நகர வாயிலருகே மாட்டப்பட்டுள்ளது. பெருங் கப்பல்களில் வந்திறங்கும் கூட்டம் அதைத் திரும்பிப் பார்க்காமலே கடந்து செல்கிறது. அந்த நெரிசலில் ஒரு நாளே எமக்குப் போதுமாயிற்று.

அங்கிருந்து படகேறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் லோபுட் என்னும் சிறு தீவை அடைந்தோம். அங்கு மோட்டார் கார்களுக்கு அனுமதியில்லை. இரவில் அலையின் ஓசை மட்டுமே கேட்கிறது. இக்கரையில் பெரும்பாலும் கூழாங்கற் கடற்கரைகளே உண்டு. ஆனால் லோபுட்டின் மறுபுறத்திலுள்ள ஷூன் குடாவில் மணல் விரிந்து கிடக்கிறது. வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான். நீந்தத் தெரியாத நானும் அக்காவும் பயமின்றி நின்று குளித்தோம்.

இத்தீவுகளில் வீட்டுக்கு வீடு 'சோபே' என்றொரு பலகை தொங்குகிறது. அறைகள் உண்டு என்பது அதன் பொருள். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். விருந்தினரோடு பழகிப் பழகி ஜேர்மன் மொழி பேசக் கற்றிருந்தார். பெறாமகள் அதைத் தமிழாக்கிச் சொன்னாள். டுப்ரோவ்னிக்கிற்குத் தெற்கேயுள்ள கொனாவ்லே அவரது பிறந்த ஊர். 1991 இல் படையினர் நுழைந்து வீடுகளை எரித்தபோது இரு பிள்ளைகளுடன் நகருக்கு ஓடிவந்து, ஒரு ஹோட்டல் அறையில் அகதியாகத் தங்கியிருக்கிறார். அக்காலத்தில் உல்லாசப் பயணிகள் எவரும் வராததால், கரையோரத்து ஹோட்டல்கள் பலவற்றில் இடம்பெயர்ந்தோரே குடியிருந்தனர்.

"சின்னம்மா, இவ சொல்லுறா, அந்த அறையில இருக்கேக்கதானாம் ஒரு மனுசருக்கு என்ன வேணுமெண்டு தெரிஞ்சது. உள்ளுக்குள்ள பூட்டக்கூடிய கதவும், தன்ர கையால சமைக்க ஒரு மூலையுமாம்" என்றாள் பெறாமகள். அவர் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளிலும் சிறு அடுப்பும் சட்டிபானைகளும் இருந்தன. அன்றிரவு நாம் சோறும் மீன் குழம்பும் சமைத்தோம். அவரும் வந்து ருசி பார்த்து, உறைப்புத் தாங்காமல் தண்ணீர் கேட்டார்.

இத்தொழிலுக்கு அங்கு ஒழுங்கான சட்டம் உண்டு. அறைகளை அதிகாரிகள் வந்து பார்த்துத் தரம் பிரித்தே அனுமதி வழங்குவர். வந்தவரின் விபரங்களை 24 மணித்தியாலத்திற்குள் பதிய வேண்டும். ஒரு கட்டிலுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் வரி. பெரிய முதல் இல்லாத ஒரு பெண்ணும் இரண்டு அறையை வைத்துக்கொண்டு தன் பெயரில் தொழில் நடத்த முடிவது இதனாலேயே என்பது என் எண்ணம். ஆயினும் வருமானம் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்குந்தான். குளிர்காலத்தில் பலகையை மட்டும் காற்று ஆட்டிக்கொண்டிருக்கும் என்று சிரித்தார் அவர். அவரது இரு பிள்ளைகளும் தீவில் இல்லை.

அடுத்து ஸ்பிளிற் நகரிலிருந்து இரண்டு மணித்தியாலத்திற்கும் மேலாகக் கப்பலில் சென்று விஸ் தீவை அடைந்தோம். யூகோஸ்லாவியக் கடற்படையின் தளமாக இருந்தமையால் 1989 வரை வெளிநாட்டவர் அங்கு காலடி வைக்க முடியாது. நீர்மூழ்கிகளை மறைக்கவென மலையைக் குடைந்து அமைத்த சுரங்கம் இன்றும் வாய் பிளந்தபடி நிற்கிறது. அத்தடை காரணமாகப் பெரிய ஹோட்டல்கள் எழவில்லை. வேலை தேடி இளையோர் வெளியேறிய ஊர் அது. இன்று அமைதி என்று நாம் காசு கொடுத்து அனுபவிப்பதில் ஒரு பங்கு, போனவர்கள் விட்டுச் சென்ற வெறுமை என்பதையும் மறுப்பதற்கில்லை. உணவிலோ குறையில்லை. உப்பிட்ட நெத்தலியும் வெங்காயமும் உள்ளே வைத்து மூடிச் சுட்ட தட்டையான பாண் அங்கு பேர்போனது. தக்காளியும் சேர்ப்பதே சரி என்கிறது கொமிஷா என்ற மீனவர் ஊர். கூடவே கூடாது என்கிறது விஸ் நகரம்.

கடைசியாக வடக்கே பாக் தீவு. 1968 இல் கட்டிய பாலத்தினால் பஸ்ஸிலேயே செல்லலாம். தீவின் நோவல்யா பக்கம் கோடையில் விடிய விடிய ஆட்டம்பாட்டம். அமைதி தேடுவோர் பாக் நகரோடு நின்றுவிட வேண்டும். மரமற்ற வெண்பாறை, உப்பளங்கள், செம்மறியாட்டுப் பாற்கட்டி, இவற்றோடு ரேந்தையும் அவ்வூரின் சொத்து. ஊசியும் நூலும் மட்டுமே கொண்டு, சிலந்தி வலை போன்ற வட்டத்திலிருந்து தொடங்கிப் பின்னுகிறார்கள். குரோவேசியாவின் ரேந்தைக் கலையை 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வார் தீவின் கன்னியாஸ்திரிகள் கற்றாழை மடலிலிருந்து நார் எடுத்துப் பின்னும் ரேந்தையும் அதில் அடங்கும்.

வாசற்படியில் கதிரை போட்டுப் பின்னிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், உள்ளங்கையளவு துண்டொன்றின் விலையைக் கேட்டார் அக்கா. நூறு யூரோவுக்கு மேல். அக்கா பேரம் பேச வாயெடுத்தார். மூதாட்டி கோபிக்கவில்லை, அதைப் பின்ன எடுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். இரு கைவிரல்களும் முடிந்து மீண்டும் தொடங்கியது. அக்கா கேட்ட விலையைக் கொடுத்தார்.

இப்போது யாராவது பழகுகிறார்களா என்று விசாரித்தோம். மூன்று பேர் வருகிறார்களாம். ஒருத்தி வீட்டு அறைகளை வாடகைக்கு விடுபவளாம். குளிர்கால மாதங்களுக்கு ஒரு வருமானம் வேண்டுமென்று, ஐப்பசி பிறந்ததும் ஊசியோடு வந்துவிடுவாளாம்.