தேதி வைத்து வரும் தலையிடி

கித்துல்கல பக்கத்துத் தோட்டங்களில் வெறும் வயிற்றில், ஒரு பிளேன்டீயோடு பெரட்டுக்கு (காலை வேலைப் பிரிப்புக்கு) ஓடும் பெண்கள் பலருக்கு இந்தத் தலையிடி பழக்கம். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாளுக்குள் வரும். ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சம் கண்ணைக் குத்தும்.

ஏன் அந்த நாட்களில்? இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் சடாரென்று இறங்குவதால். ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சாமர்வில் 1972இல் இதைக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டபோது மாதவிடாய் உரிய நாளில் வந்தது, தலையிடிதான் தள்ளிப்போனது. இன்னொரு ஹோர்மோனான புரொஜெஸ்டிரோன் கொடுத்தபோது மாதவிடாய் தள்ளிப்போனது, தலையிடி தன் நாளில் வந்தது. எவ்வளவு தெளிவான விடை!

பட்டினியும் தாகமும் இந்தத் தலையிடியைக் கிளறிவிடும். மலையில் ஒதுங்க இடமில்லையென்று தண்ணீரைக் குறைப்பது பெண்ணின் குற்றமில்லை. மலசலகூடம் கட்டித் தரவேண்டியது தோட்டம்.

கலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். நாள் பிடிபட்டால், வைத்தியர் சொற்படி முன்கூட்டியே மருந்து எடுக்கலாம். மாதாமாதம் 15 நாள் பனடோல் என்றானால் அந்த மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரக்கூடும். வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிறதா? குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை கேட்கும்போது மிட்வைஃபிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.