ஓடியவர்களும் ஓடிய காலமும்

நுழையும்முன்

விளையாட்டில் நாட்டமுடைய நண்பர்கள் கூடினால், அன்றைய வீரர் சிறந்தவரா, இன்றைய வீரர் சிறந்தவரா என்னும் வழக்கு எழாமல் இருப்பதில்லை. தடகளத்தில் இவ்வழக்கு எளிதில் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஓடிய நேரம் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. எண்களை ஒப்பிட்டால் போதுமன்றோ? போதாது என்பதையும், வேறு எவ்வாறு ஒப்பிடுவது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எண் தரும் தீர்ப்பு

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டர் தொலைவை 10.3 நொடியில் கடந்து தங்கம் வென்றார். 2009ஆம் ஆண்டு அதே பெர்லின் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்காவின் உசைன் போல்ட் அத்தொலைவை 9.58 நொடியில் கடந்தார். இருவரும் அந்நேரங்களில் ஒரே தடத்தில் ஓடியதாகக் கணக்கிட்டால், போல்ட் எல்லைக்கோட்டைத் தொடும்போது ஓவன்ஸ் ஏறத்தாழ ஏழு மீட்டர் பின்னால் இருப்பார். எண் இவ்வளவில் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிடுகிறது. ஆனால், அந்த எண் எப்படிப் பிறந்தது என்று அது சொல்வதில்லை.

காலத்தை அளந்த கைகள்

ஓவன்ஸ் காலத்தில் நடுவர்கள் நிறுத்துக் கடிகாரங்களைக் கையில் ஏந்தி நேரத்தைக் குறித்தனர். தொடக்கத் துப்பாக்கியின் புகையைக் கண்டு கடிகாரத்தை அழுத்துவதற்குள் மனித விரல் சற்றே தாமதிக்கும். அத்தாமதம் ஓட்டக்காரரின் நேரத்தைக் குறைத்துக் காட்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 நொடியைக் கூட்டிக்கொள்வது வழக்கம். 1977ஆம் ஆண்டு முதல், 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் உலகச் சாதனையாக ஏற்கப்படுவதற்கு மின்னணு அளவீடு கட்டாயமாயிற்று. இந்த ஒரு காரணியை மட்டும் கருதினால் ஓவன்சின் நேரம் மேலும் பின்தங்குகிறது. எனினும், பிற காரணிகள் அவர் பக்கம் நின்று பேசுகின்றன.

தடமும் காலணியும்

ஓவன்ஸ் ஓடியது கரித்துகள் பரப்பிய தடத்தில். கால் ஊன்றும் ஒவ்வொரு முறையும் துகள்கள் நழுவி, உந்துவிசையின் ஒரு பகுதி வீணாயிற்று. ஒலிம்பிக்கில் தொடக்கக் கட்டைகள் 1948ஆம் ஆண்டில்தான் வந்தன. அதற்கு முன்னர், வீரர்கள் சிறு கரண்டியால் தடத்தில் குழி தோண்டி, அதில் பாதத்தை ஊன்றிப் புறப்பட்டனர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில்தான் செயற்கைத் தடம் முதன்முதலாக அமைக்கப்பட்டது.

நெடுந்தொலைவு ஓட்டத்திலும் இத்தகைய மாற்றம் உண்டு. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் வென்றார். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023ஆம் ஆண்டு சிகாகோவில் 2 மணி 35 நொடியில் ஓடி, அன்றைய உலகச் சாதனையைப் படைத்தார். இடைப்பட்ட காலத்தில் மென்மையான நுரையும் விறைப்பான கரியிழைத் தகடும் கொண்ட காலணிகள் தோன்றின. சாலை ஓட்டத்திற்கான காலணியின் அடித்தடிப்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வகுக்கும் அளவிற்குக் காலணியின் பங்கு பெருகிவிட்டது.

காற்றும் உயரமும்

முதுகின் பின்னாலிருந்து வீசும் காற்று ஓடுபவரை முன்னே தள்ளும். ஆதலால், பின்காற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக் கடந்தால் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்ட நேரங்கள் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. உயரமோ விதிக்குக் கட்டுப்படாதது. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவாதலின் விரைவோட்டக்காரருக்குத் தடை குறையும். உயிர்வளியும் குறைவாதலின் நெடுந்தொலைவு ஓடுபவருக்கு மூச்சு முட்டும். அங்கு 1968ஆம் ஆண்டு ஜிம் ஹைன்ஸ் ஓடிய 9.95 நொடி பதினைந்து ஆண்டுகளாக முறியடிக்கப்படாமல் நின்றது. ஒரே நகரம் ஒருவருக்குத் துணையாகவும் மற்றொருவருக்குத் தடையாகவும் அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

ஓட்டப் போட்டியில் தலையோ கையோ காலோ எல்லைக்கோட்டைத் தொடுவது கணக்கில் கொள்ளப்படாது. உடற்பகுதி கோட்டை எட்டும் கணமே முடிவு. அக்கணத்தை எல்லைக்கோட்டை மட்டுமே நோக்கி நிற்கும் நிழற்படக் கருவி பதிவு செய்கிறது.

நூறில் ஒரு நொடி

காலங்களுக்கு இடையிலான ஒப்பீடு ஐயத்திற்கு உரியதாயினும், ஒரே போட்டியில் ஓடியவர்களுக்கு இடையில் எண்ணே இறுதிச் சொல். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் இந்தியாவின் பி.டி.உஷா 55.42 நொடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூறில் ஒரு நொடி என்பது அவ்வேகத்தில் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதியில் நோவா லைல்ஸ், கிஷேன் தாம்சன் இருவருக்கும் 9.79 நொடியே பதிவாயிற்று. ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடி முந்திய லைல்ஸ் தங்கம் பெற்றார்.

உஷா ஓடிய அப்போட்டி வேறொரு செய்தியையும் உணர்த்துகிறது. மகளிருக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டமும் மாரத்தானும் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1984ஆம் ஆண்டில்தான். 1928ஆம் ஆண்டு நடத்தப்பட்ட மகளிர் 800 மீட்டர் ஓட்டமும் அதன்பின் நீக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டுதான் மீண்டும் சேர்க்கப்பட்டது. முற்கால வீராங்கனையர் பலர் பதிவேட்டில் இல்லாமற்போனதற்கு ஆற்றல் குறைவு காரணமன்று. ஓடுவதற்குக் களமே தரப்படவில்லை என்பதே காரணம்.

நேர்மையற்ற எண்

எண்ணுக்கு மதிப்பைத் தருவது நேர்மை. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் 9.79 நொடியில் முதலாவதாக வந்தார். ஊக்கமருந்து உட்கொண்டது சோதனையில் வெளிப்பட, அப்பதக்கமும் சாதனையும் பறிக்கப்பட்டன. பாரிசில் தங்கம் தந்த அதே எண், சியோலில் இழுக்காக முடிந்தது.

எவ்வாறு ஒப்பிடலாம்?

வெவ்வேறு காலத்து வீரர்களை ஒப்பிட மூன்று வினாக்கள் உதவும். தம் காலத்தவரை எவ்வளவு விஞ்சினார்? அவர்தம் சாதனை எத்தனை ஆண்டுகள் நிலைத்தது? அவர் செய்ததைப் பின்னர் எவரேனும் செய்தனரா?

1935ஆம் ஆண்டு ஓவன்ஸ் தாண்டிய 8.13 மீட்டர் நீளம் 25 ஆண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. போல்ட்டின் 9.58 நொடியும் பல ஆண்டுகள் கடந்து நிற்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மாரத்தானை அவர் ஓடியது அதுவே முதன்முறை. ஒரே ஒலிம்பிக்கில் இம்மூன்றையும் வென்றவர் வேறு எவரும் இலர். 1960ஆம் ஆண்டு ரோமில் 400 மீட்டரில் நான்காமிடம் பெற்ற மில்கா சிங், ஒலிம்பிக் பதக்கம் பெறாதவர்; ஆயினும் அவர் அன்று ஓடிய நேரம் 38 ஆண்டுகள் இந்தியச் சாதனையாக விளங்கியது. அவருடைய பெயரை ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அவருக்குப் பின் ஓடிய இந்தியர் ஒவ்வொருவரும் தாண்ட முயன்ற இலக்கில் அது இருந்தது.

ஆகவே, அன்றைய வீரரா இன்றைய வீரரா என்னும் வழக்கில் எண்ணை மட்டும் சாட்சியாக அழைப்பது முறையன்று. தடம், காலணி, காற்று, கடிகாரம், கிடைத்த வாய்ப்பு ஆகிய அனைத்தையும் விசாரித்த பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும். அவ்வாறு விசாரிக்கப் பழகியவர், ஓட்டக்களத்தில் மட்டுமன்றி, மதிப்பெண்ணாலும் வருவாயாலும் மனிதரை அளக்கும் இடங்களிலும் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதமாட்டார்.