மலைச்சரிவும் வண்டியின் பல்சக்கரப் பெட்டியும்

ஹைதராபாத் நகரைச் சூழ்ந்துள்ள நிலம் மோட்டார் வண்டிக்கு எளியதன்று. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கருங்கற் பாறைகள் குன்று குன்றாக நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில், பாறை சிதைந்து உண்டான சரளை பரவிக் கிடக்கிறது. இதனை அவ்வட்டாரத்தில் மொரம் என்பர். மேற்கே விக்காராபாத்தை நோக்கிச் சென்றால் கரிசல் மண் எதிர்ப்படும். 1961-இல் நிறுவப்பெற்ற தேசியப் புவிஇயற்பியல் ஆராய்ச்சி நிலையமும், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தென் மண்டல அலுவலகமும் இந்நகரில் இருப்பதால், கருவிகளுடன் வெளிக்கள வேலைக்குப் புறப்படுவோர் இங்கு மிகுதி. அத்தகையோரிடையே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய முகாம் வண்டி ஒன்றின் பல்சக்கரப் பெட்டியை, அதாவது கியர்ப் பெட்டியை, மாற்றிவிட்டால் அது குன்றின் அடிவாரச் சரிவில் ஏறிவிடுமா?

முகாம் வண்டி என்றதும் உலகெங்கும் நினைவுக்கு வருவது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டியாகும். 1950-இல் இதன் உற்பத்தி தொடங்கிற்று; அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தது. 1960-களிலும் 70-களிலும் ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தானம் வழியாக இந்தியாவுக்குத் தரைவழி வந்த பயணிகள் பலர் இதிலேயே வந்தனர். எஞ்சின் பின்புறம் உள்ளது. பின்சக்கரங்களே வண்டியை உந்துகின்றன.

இவ்வண்டியின் 1600 கன சென்டிமீட்டர் எஞ்சினை உதாரணமாகக் கொள்வோம். அதன் மிகுதியான முறுக்குவிசை சுமார் 106 நியூட்டன் மீட்டர். முதற் கியரின் விகிதம் 3.80, அச்சிலுள்ள இறுதிப் பல்சக்கர விகிதம் 5.375. இரண்டையும் பெருக்கினால் 20.4 வரும். எஞ்சின் இருபது முறைக்குச் சற்று அதிகமாகச் சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழல்கிறது. வேகம் குறைந்த அதே அளவுக்கு முறுக்குவிசை பெருகுகிறது. பல்சக்கரங்களின் உராய்வில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இழப்பு என்றும், சக்கரத்தின் ஆரம் 32 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், தரையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 607 கிலோகிராம் ஆகும். இது கடல் மட்டத்துக் கணக்கு. ஹைதராபாத் சுமார் 540 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து, எஞ்சினின் வலிமை நூற்றுக்கு ஐந்து பங்கு குன்றும். எஞ்சுவது ஏறக்குறைய 577 கிலோகிராம்.

இனிச் சரிவைக் காண்போம். சுமையுடன் வண்டியின் எடை 2,000 கிலோகிராம் எனக் கொள்வோம். நான்கு மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், புவியீர்ப்பு வண்டியைப் பின்னோக்கி 485 கிலோகிராம் விசையுடன் இழுக்கும். சரளையில் சக்கரம் உருள்வதற்கு எதிரான தடை ஏறத்தாழ 97. ஆகத் தேவை 582, இருப்பதோ 577. ஐந்து கிலோகிராம் குறைவினால் வண்டி நின்றுவிடும். நமது நெடுஞ்சாலை விதிகளின்படி மிகச் செங்குத்தான மலைப்பகுதியிலும் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேற்பட்ட ஏற்றம் அமைப்பதில்லை. ஆகவே போட்ட சாலையில் இவ்வண்டிக்கு எக்குறையும் இல்லை. குறை தென்படுவது சாலையை விட்டு இறங்கிய பின்னரே.

இதற்குக் கீழ்விகிதக் கியர் ஒன்றைச் சேர்த்தால் என்ன? ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே பிற்காலத்தில் இதைச் செய்தது. 1985 முதல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான சின்க்ரோ என்னும் நான்கு சக்கர உந்து வண்டியில், முதற் கியருக்கும் கீழே ‘ஜி’ எனப்பட்ட கரட்டு நிலக் கியர் ஒன்று அமைந்தது. அதன் விகிதம் ஏறத்தாழ 6. அதே அளவு விகிதமுள்ள கியரை நமது பழைய வண்டியில் பொருத்தியதாகக் கொண்டால், இழுவிசை 577-லிருந்து 910-க்குச் சற்று மேல் உயரும். தாளில் பார்த்தால் பெரு வெற்றி. ஆனால் அவ்விசையைத் தரை ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

சக்கரம் தரையைப் பற்றும் விசைக்கு ஓர் எல்லை உண்டு. சக்கரத்தின்மீது அமரும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் அவ்வெல்லை கிடைக்கும். மொரம் சரளைக்குக் கெழு சுமார் 0.5. நமது சரிவில் வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால், பின்சக்கரங்களின்மீது ஏறத்தாழ 1,218 கிலோகிராம் அமரும், பற்றுவிசை 609. எஞ்சின் தரக்கூடிய 910-இல் 609 மட்டுமே பயன்படும். மீதி, சக்கரத்தை வீணே சுழற்றிச் சரளையை வாரி இறைக்கவே உதவும். தேவை 582 ஆதலால் வண்டி இச்சரிவில் ஏறிவிடும். ஆனால் மூன்றுக்கு ஒன்று என்னும் சரிவில் தேவை 727 ஆகிறது. பற்றுவிசையோ 621-ஐத் தாண்டாது. கியரை இன்னும் எவ்வளவு தாழ்த்தினாலும் பயனில்லை. நான்கு சக்கரங்களும் உந்துமாயின் அதே சரிவில் பற்றுவிசை 949 கிலோகிராம். அப்போதுதான் 910 முழுதும் கைக்கு வரும். சின்க்ரோவில் கீழ்க் கியரும் நான்கு சக்கர உந்தும் ஒருங்கே அமைந்ததன் காரணம் இதுவே. மழை பெய்த கரிசலில் கெழு 0.25-க்கும் இறங்கிவிடுவதுண்டு. அங்கே காத்திருப்பதே அறிவுடைமை.

நம் நாட்டில் பல அலுவலகங்கள் பயன்படுத்திய மெட்டடார் வேன் முன்சக்கர உந்து உடையது. சரிவில் எடை பின்னுக்குச் செல்ல, உந்தும் முன்சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. அதே எடை முன்பின் சமமாகப் பகிர்ந்த வண்டியாயின், ஐந்துக்கு ஒன்று என்னும் சரிவில் தேவை 490. முன்நோக்கி ஏறினால் பற்று 429. பின்நோக்கி ஏறினால் 551. அனுபவமுள்ள ஓட்டுநர் சிலர் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றுவதன் சூட்சுமம் இதுதான்.

அங்ஙனமாயின் கீழ்க் கியரால் பெரும் நன்மை இல்லையா? உண்டு, அது விசையில் அன்று, வேகத்தில். எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழல்கையில், பழைய முதற் கியரில் வண்டி மணிக்கு 6 கிலோமீட்டர் செல்லும். பாறைகளுக்கிடையே அது மிக அதிகம். ஓட்டுநர் கிளச்சை அரைகுறையாக மிதித்து வேகத்தைக் குறைக்க முயல்வார். கிளச்சுத் தகடு கருகும். கீழ்க் கியரில் அதே சுற்றுக்கு வேகம் 3.7 கிலோமீட்டர். கிளச்சைத் தொட வேண்டியதில்லை. மேலும் இது காற்றினால் குளிரும் எஞ்சின். விசிறி எஞ்சினுடனேயே சுழல்கிறது. வண்டி ஊர்ந்தாலும் எஞ்சின் போதிய சுற்றில் ஓடினால் விசிறியும் ஓடும். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் இது சிறு நன்மையன்று. இறங்குமுகத்திலும், பிரேக்கை அழுத்தாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

இந்த நன்மைக்காக இறுதி விகிதத்தையே தாழ்த்த முற்படுவோர் உண்டு. அது தவறான வழி. நான்காம் கியரில் 4,000 சுற்றுக்கு மணிக்கு 109 கிலோமீட்டர் சென்ற வண்டி, பின் 69-க்கு மேல் செல்லாது. முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் சென்று மூன்று கிலோமீட்டர் சரிவில் ஏறுவதே வெளிக்கள வழக்கம். ஆகவே தனியான கீழ்க் கியரே தகும்.

1967 வரை வந்த பழைய மாதிரிகளில் மற்றொரு பொறியமைப்பு உண்டு. பின்சக்கரம் ஒவ்வொன்றின் அருகிலும் இரண்டு பல்சக்கரங்கள் கொண்ட சிறு பெட்டி அமைந்து, வேகத்தை மேலும் குறைத்தது. அச்சையும் தரையிலிருந்து உயர்த்திற்று. 1940-இல் உற்பத்தியான ஜெர்மன் இராணுவ வண்டியிலிருந்து இது வந்தது. நடந்து செல்லும் வீரர்களுடன் மணிக்கு 4 கிலோமீட்டரில் அவ்வண்டி ஓட வேண்டும் என்பது படையின் நிபந்தனை. ஒன்றையொன்று கவ்விய இரு பல்சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும் என்பதை மாணவரும் அறிவர். எனவே இவ்வண்டியில், அதே நிறுவனத்தின் சிறு காரின் கியர்ப் பெட்டியை அப்படியே பொருத்தினால், முன்செல்ல ஒரு கியரும் பின்செல்ல நான்கு கியரும் கிடைக்கும்! உள்ளேயுள்ள பெரிய வளையப் பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டிய பின்னரே வண்டி நேராக ஓடும்.

பற்றுவிசையை வகுப்பறையில் காட்ட ஒரு பலகையும் செங்கல்லும் போதும். பலகையின்மீது சரளையை ஒட்டி, செங்கல்லின் அடியில் பழைய டயர்த் துண்டைக் கட்டி, பலகையை மெல்ல உயர்த்துக. செங்கல் வழுக்கத் தொடங்கும்போது பலகை நுனியின் உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் கெழு கிடைக்கும். களப்பணியாளர் தாம் செல்லவிருக்கும் இடத்தின் சரளையைக் கொண்டே இதைச் செய்யலாம்.

கியரை மாற்றிய பின் தூரமானியையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் அதன் கம்பிவடம் கியர்ப் பெட்டியின் வெளியச்சிலிருந்து வருவதால், இறுதி விகிதம் மாறினால் குறிப்பேட்டில் எழுதும் கிலோமீட்டர்கள் பிழைபடும். ஃபோக்ஸ்வாகனில் அவ்வடம் முன்புற இடது சக்கரத்திலிருந்தே வருகிறது; அங்கே டயரின் அளவை மாற்றினாலன்றித் தூரக்கணக்கு மாறுவதில்லை.