ராகலைக்குக் கோச்சி வந்த காலம்

ராகலையில் ஒரு கோச்சி ஸ்டேசன் இருந்ததென்றால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மைதான். 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக ராகலைக்கும் சின்ன ரயில்பாதை திறந்தார்கள். தண்டவாள அகலம் 2 அடி 6 அங்குலம். கொழும்புப் பாதையிலோ 5 அடி 6 அங்குலம். அதனால் ராகலையில் ஏற்றிய தேயிலைப் பெட்டியை நானுஓயாவில் இறக்கி, பெரிய கோச்சியில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரே பெட்டிக்கு இரண்டு வேலை! ஸ்டோர் வாசலிலேயே பெட்டி ஏற்றும் லொறி வந்ததும் சின்னக் கோச்சியால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1940களில் பாதையையே மூடிவிட்டார்கள்.

எங்களிடம் இருப்பது இந்த வருடக் கணக்கு மட்டுமே. அந்தக் கோச்சியில் போனதைத் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டவர்கள் லயத்தில் இருந்தால் நலன்புரி ஆபீசுக்கு வந்து சொல்லுங்கள், எழுதி வைக்கிறோம்.