முகத்துவாரத்துச் சேறு... சமையலறை வரை!

மீன்காரம்மா கூடையை இறக்கியதும், “நண்டு எங்கே பிடிச்சது?” என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் இனி கேளுங்கள்.

கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. மழைக்காலத்தில் அந்த முகத்துவாரத்துத் தண்ணீர் டீ மாதிரி இருக்கும். காரணம், அதில் மிதக்கும் வண்டல். மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நாள் கணக்கில் மிதக்கும். கடல்நீர் வந்து சேர்ந்ததும் கதை மாறுகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறதல்லவா? அந்த விலக்கும் சக்தி அடங்கி, துகள்கள் கட்டிக்கட்டியாகச் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். வீட்டுக் குடத்தில் நாம் படிகாரம் போடுவது போலத்தான்.

தண்ணீர் தெளிந்துவிட்டது, நல்லதுதானே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். களிமண் தனியாகப் போவதில்லை. சாக்கடைக் கிருமிகள், ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கூடவே இறங்குகின்றன. எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல் வேறு, குழாய்க் கசிவுகளால் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவியது. அடியில் படிந்தது அங்கேயே கிடக்குமா? ஓதம் ஏறி இறங்கும்போதும், வெள்ளம் வரும்போதும் மறுபடி கலங்கி மேலே வரும்.

இந்தச் சேற்றை நம்பித்தான் மட்டியும் நண்டும் இறாலும் வாழ்கின்றன. மட்டி தண்ணீரை வடிகட்டியே சாப்பிடுகிற பிராணி. வடிகட்டியதில் இருக்கும் விஷமும் அதன் உடம்பில் சேரும். நன்றாக வேகவைத்தால் கிருமிகள் சாகும், சரி. உலோகம் போகாது. எத்தனை மஞ்சள் போட்டு அலசினாலும் போகாது! எனவே மாசுபட்ட கழிமுகத்து மட்டி வேண்டாம். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் நிறப் பகுதியில்தான் காட்மியம் அதிகம் சேர்கிறது. ருசியாக இருக்குமே என்று அதைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். (மீனவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கழிவைக் கொட்டியது அவர்கள் இல்லை. முதலில் நஷ்டப்படுவதும் அவர்கள்தான்.)

குடிதண்ணீருக்கும் இதே கணக்குதான். கலங்கல் 1 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஏன் இவ்வளவு கறார்? மண் துகளுக்குப் பின்னால் கிருமிகள் ஒளிந்துகொண்டால் குளோரின் அவற்றை எட்டாது. படிகாரம் போட்டால் தண்ணீர் தெளியும், ஆனால் கிருமிகள் எல்லாம் ஒழிந்துவிடாது. வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் கலங்கலாக வந்தால் தெளிய விடுங்கள். மேலாக இறுத்து, சுத்தமான துணியில் வடிகட்டுங்கள். அப்புறம்தான் அடுப்பு. தளதளவென்று கொதி வந்த பிறகும் முழுசாக ஒரு நிமிஷம் கொதிக்கட்டும்.