பௌத்த ஏடும் எங்கள் பனையோலையும்

பௌத்த ஏட்டுச்சுவடி என்றதும் எங்களில் பலருக்குத் தெற்கின் விகாரைகளே நினைவுக்கு வரும். போரைக் கண்ட தலைமுறைக்கு அது இயல்பு. ஆனால் தமிழிலும் பௌத்த ஏடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு யாழ்ப்பாணத்தவரே காரணம். அதற்கு முன், ஏடு எப்படி உருவானது என்பதைப் பார்ப்போம்.

சிங்களத்தில் 'புஸ்கொள' எனப்படும் ஏடு, தாளிப்பனையின் குருத்தோலையில் ஆனது. அது அகலமானது, இலகுவில் வளையும். யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டியது பனையோலை. இது ஒடுக்கமானது, தடிப்பானது. இரண்டுக்கும் பக்குவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஈர்க்கை நீக்கி, ஓலையை நீரில் அவித்து, உலர்த்தி, தேய்த்து மினுக்குவார்கள். பின்னர் ஒரே அளவில் நறுக்கித் துளையிட்டு, மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிறு கோத்துக் கட்டுவார்கள்.

எழுத்தாணி ஓலையைக் கீறும், மை பூசாது. எழுதி முடிந்த பிறகே கரியும் எண்ணெயும் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலில் கரி தங்கி எழுத்துத் தெரியும். குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ஏடு வாசிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருப்பது இதனால்தான்.

எவ்வளவு பக்குவம் செய்தாலும் சில நூறு ஆண்டுகளில் பூச்சியும் ஈரமும் ஓலையைத் தின்றுவிடும். அதற்குள் யாராவது புதிய ஓலையில் பார்த்தெழுத வேண்டும். விகாரைகளில் அது புண்ணியச் செயலாகத் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பௌத்தர் அருகியபோது அவர்களின் நூல்களைப் பார்த்தெழுதுவோரும் அருகினர். குண்டலகேசியில் சில பாடல்கள் மட்டும் மிஞ்சியது அப்படித்தான்.

11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரன் என்ற பௌத்தர் இயற்றிய இலக்கணம் வீரசோழியம். அதன் உரையில் எடுத்துக்காட்டாக வரும் செய்யுள்களில் புத்தரைப் போற்றுபவை பல. அந்த நூலை ஏட்டிலிருந்து 1881இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. எடுத்தால் ஓரம் உதிரும், அவிழ்த்தால் ஒடியும் ஏடுகளோடு போராடியவர் அவர். அச்சு என்பது ஒரே நேரத்தில் பல நூறு பிரதிகள். அதற்குப் பின் அந்த நூல் ஒரு கட்டு ஓலையை நம்பி இருக்கவில்லை.

சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாகின. அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறெங்கோ பிரதிகள் இருந்தன. வேறு பிரதி இல்லாத ஏடு அன்றோடு முடிந்தது.

ஏடுகள் பற்றி நான் விசாரித்த வீடுகளில் அதிகம் கேட்ட பதில், 'இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தோம்' என்பதே. மிஞ்சியவை பெரும்பாலும் வைத்தியம், சோதிடம் பற்றியவை. வாசிக்கத் தெரியாததால் அவை குப்பை ஆகிவிடாது. உங்கள் வீட்டில் ஏடு இருந்தால் கட்டை இழுத்துப் பிரிக்காதீர்கள், கண்ட எண்ணெயைப் பூசாதீர்கள், பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள். நூலகம் நிறுவனம் போன்றவை ஏடுகளை எண்ணிமப்படுத்தி வருகின்றன. ஏடு உங்களிடமே இருக்கலாம், அதன் படம் இன்னோரிடத்திலும் இருக்கட்டும். அன்று பார்த்தெழுதியவர்கள் செய்ததும் இதைத்தான்.